தோற்ற பாத்தியைப் பார்க்கப் போனவர்கள்

சிறு விவசாயிகளின் முன்னேற்றம் பற்றி மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், ஜார்ஜ்டவுனில் நடந்த ஒரு கருத்தரங்கில், மேடையில் பேசிய ஒருவர், "நம்மவர்களுக்கு நிலமும் பணமும் தடையே இல்லை, மனப்போக்குதான் தடை, புதியது எதைக் கண்டாலும் அஞ்சுகிறார்கள்" என்று முடித்தார். அவையினர் கைதட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த விவசாயிகளில் சிலரும் சேர்ந்து கைதட்டியதுதான் என்னை உறுத்தியது. அந்தக் கருத்தை உடனே மறுப்பதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. ஏற்கவும் மனம் வரவில்லை. செபராங் பிறையின் தென்பகுதியில், சுங்கை பாக்காப்புக்கும் நிபோங் திபாலுக்கும் இடையில், வெற்றிலை, கறிவேப்பிலை, வாழையிலை, வெண்டை, கத்தரி என்று கோயிலுக்கும் உணவகத்துக்கும் வேண்டியவற்றைப் பயிரிடும் ஒரு சிறு குழுவுக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பெரும்பாலும் ரப்பர், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் வேலை செய்த பழைய குடும்பங்கள். நான் மண்ணைத் தொட்டவன் இல்லை, பேரேட்டைத்தான் தொட்டிருக்கிறேன். ஆகவே மனப்போக்கு என்று கேட்டதும், அது பேரேட்டில் எந்தப் பத்தியில் வரும் என்று பார்க்கத்தான் எனக்குத் தோன்றியது.

புதிய முயற்சி எதுவாயினும் கணக்கில் அது முதலில் செலவாகத்தான் தலைகாட்டும். வழக்கமில்லாத ஒரு விதை, சொட்டுநீர்க் குழாய், பாத்தியை மூடும் நெகிழித்தாள், எங்கோ கேள்விப்பட்டு வாங்கிய ஒரு நுண்ணுயிர் உரம் என்று அவை சிறு சிறு தொகைகளாக வரும். குழுவின் பழைய கணக்குகளை இந்தக் கண்ணோடு புரட்டியபோது, அத்தகைய செலவுகள் எல்லாருடைய பெயரிலும் பரவலாக இல்லை. நான்கைந்து குடும்பங்களின் பெயரிலேயே திரும்பத் திரும்ப வந்தன. அவர்கள் இளையவர்களா என்றால் இல்லை. படித்தவர்களா என்றால் அதுவும் இல்லை. அவர்களுள் ஒருவருக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத்து தெரியாது. அவர்களுக்குப் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: அந்த வீடுகள் ஒவ்வொன்றிலும் மகளோ மருமகனோ பாயான் லெப்பாசிலோ பிறையிலோ ஒரு தொழிற்சாலையில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். 1972 இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியதிலிருந்து பினாங்கின் வாழ்க்கையை அது எப்படியெல்லாம் மாற்றியது என்பதைப் பலர் எழுதிவிட்டார்கள். ஆனால் சுங்கை பாக்காப்பில் ஒரு வெற்றிலைப் பாத்தியில் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் துணிவும் அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணின் இரவு ஷிஃப்டிலிருந்து வருகிறது என்று எழுதியவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

மற்றக் குடும்பங்களுக்கு நிலமே முழு வருமானம். வேன் தவணையும் நிலவாடகையும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணமும் அதிலிருந்துதான் போக வேண்டும். வாரத்திற்கு இரண்டு முறை வெற்றிலை கிள்ளி மொத்த வியாபாரியிடம் கொடுத்து வாழ்கிறவருக்கு, ஒரு பாத்தி கெட்டால் தவணை நிற்கும். தவணை நின்றால் வேன் போகும். வேன் போனால் மீதிப் பாத்திகளின் இலையையும் சந்தைக்குக் கொண்டுசேர்க்க வழியில்லை. இந்த நிலையில் இருப்பவர் புதியதைத் தொடாமல் விடுவது அச்சத்தினால் அல்ல, கணக்குத் தெரிந்ததனால். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் மேடைப் பேச்சாளர்களிடம் இதைச் சொன்னால் "விழிப்புணர்வு போதவில்லை" என்பார்கள். நான் பார்த்த வரையில் விழிப்புணர்வுக்கு இங்கே பஞ்சமே இல்லை. 1969 இல் அமைந்த மார்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1973 இல் அமைந்த விவசாயிகள் அமைப்பு வாரியத்தின் கீழ் வட்டாரச் சங்கங்கள் இருக்கின்றன. பினாங்கு பயனீட்டாளர் சங்கம், அதன் தலைவராக இருந்து மறைந்த முகமது இத்ரிஸ் அவர்களின் காலத்திலிருந்தே இயற்கை வேளாண்மையை விடாமல் சொல்லி வருகிறது. இவை போதாவென்று கைப்பேசியைத் திறந்தால் தமிழ்நாட்டு விவசாயிகள் நாளெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு எங்கள் குழுவிலேயே ஒரு சான்று உண்டு. மீன் அமிலம் என்பது மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் கலந்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரத்திற்குக் குறையாமல் ஊறவைத்து எடுப்பது; ஒரு லிட்டர் நீருக்குச் சில மில்லி கலந்து இலைமேல் தெளிப்பார்கள். இதை இன்று எங்கள் குழுவில் செய்யாத வீடு இல்லை. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. சந்தையில் மீன் கழிவை வெட்டுகிறவர் சும்மாவே கொடுத்துவிடுவார். வெல்லம் விலை கூடினால் பழுப்புச் சீனி. கெட்டுப்போனால் நாற்றத்தைத் தவிர வேறு இழப்பில்லை. அதே ஆட்கள்தான், அதே மனப்போக்குதான். தோற்றால் செலவில்லை என்ற ஒன்று தானாகவே வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது. தோற்றால் ஒரு பருவமே போகும் என்பவை மட்டும் சம்பளக்காரர் இருக்கும் வீட்டு வாசலோடு நின்றுவிட்டன.

தோட்டத்தில் புதுமை வந்த விதம்

இதை வெறும் பணக் கணக்காக மட்டும் சொல்லிவிடவும் முடியாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புதுமை பற்றி வேறொரு நினைவும் இருக்கிறது. செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதற்கு முன்பெல்லாம் ஆள் வேண்டியிருந்தது. மகரந்தத்தோடு டால்க் தூள் கலந்து, பெண்கள் மரம் மரமாகச் சென்று பூவில் ஊதிவிடுவார்கள். ஆப்பிரிக்காவின் கேமரூனில் அந்த வேலையை ஒரு சிறு வண்டு தானாகவே செய்கிறது என்று கண்டு, அதை ஆராய்ந்து, 1981 இல் மலேசியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். காய்ப்பிடிப்பு உயர்ந்தது, உலகச் செம்பனை வரலாற்றில் அது ஒரு பெருஞ்சாதனை, அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் குழுவிலுள்ள ஒரு மூதாட்டியிடம் கேட்டால் அதை அவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடிப்பார்: வண்டு வந்தது, எங்களுக்கு வேலை போயிற்று.

தோட்டத்தில் புதியது எப்போதும் மேலிருந்தே இறங்கியது. எந்த மரத்தை எந்தப் பக்கம் வெட்டுவது, எந்த நாளில் வெட்டுவது, எந்த மருந்தை எப்போது தெளிப்பது என்பவற்றையெல்லாம் அலுவலகம் முடிவு செய்யும், கங்காணி சொல்வார், ஆட்கள் செய்வார்கள். நாள்தோறும் மரத்தின் முன்னால் நின்றவர் கண்டது என்ன என்று கேட்க அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. மூன்று தலைமுறை அப்படி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் சொந்தமாகப் பாத்தி போடும்போது, "நான் ஒன்றைக் கவனித்தேன், அதைச் செய்து பார்க்கப்போகிறேன்" என்று பத்துப்பேர் முன்னிலையில் சொல்வது எளிய காரியம் அன்று. கருத்தரங்குக்காரர் மனப்போக்கு என்று கண்டது இதைத்தான் என்றால், அதுவரை அவர் சொன்னது சரி. அந்த மனப்போக்கு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அவர் விட்டுவிட்டார்.

வெறுங்குலை

ஆலைக்குப் போகும் செம்பனைக் குலையின் எடையில் ஏறக்குறைய 22 விழுக்காடு, பழம் உதிர்த்த பிறகு வெறுங்குலையாகத் திரும்பி வரும். சாம்பல் சத்து மிகுந்த பொருள் அது. பெரிய தோட்டங்கள் அதை மரங்களுக்கு இடையே பரப்பிவிடும். எங்கள் பகுதியில் அதை ஏற்றிய லோரிகள் சாலையில் போவதை எல்லாரும்தான் பார்க்கிறோம். குழுவிலுள்ள ஓர் அக்கா, கணவரை இழந்தவர், வீட்டில் வேறு சம்பளம் இல்லாதவர், அந்த லோரிகளை வேறு விதமாகப் பார்த்திருக்கிறார். வெற்றிலைக் கொடி வரிசைகளுக்கு இடையில் களையெடுக்கவும் நீர் பாய்ச்சவும்தான் தம்முடைய செலவில் பெரும்பங்கு போகிறது. வெறுங்குலையை அங்கே பரப்பினால் இரண்டும் குறையுமே என்பது அவர் எண்ணம். குலை சும்மா கிடைக்கும். லோரிக் கூலியும் பரப்புகிற ஆள் கூலியும்தான் செலவு. ஆனால் வெற்றிலைக் கொடிக்கு ஈரம் கூடினால் வேரழுகல் வரும், அழுகத் தொடங்கினால் வரிசையே போய்விடும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

கோயில் மண்டபத்தில் நடந்த மாதக் கூட்டத்தில் அவர் அதை முன்வைத்த விதம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. திட்டம் சிறந்தது என்று அவர் வாதிடவில்லை. "எனக்கு இது வரும்னுதான் தோணுது. ஆனா தோத்தா என்னால தாங்க முடியாது. தோத்தா நீங்கெல்லாம் சேர்ந்து தாங்குவீங்களா?" என்று கேட்டார். ஒரு விவசாயக் கூட்டத்தில் அப்படியொரு கேள்வியை நான் அதுவரை கேட்டதில்லை. மானியம் கேட்பார்கள், கடன் கேட்பார்கள், விலை கேட்பார்கள். தோல்வியில் பங்கு கேட்டவர் யாருமில்லை.

முதலில் எழுந்தது எதிர்ப்புதான், அதுவும் நியாயமான எதிர்ப்பு. "தோத்ததுக்குக் காசு குடுப்பீங்கன்னா, நான் வருசம் பூரா தோத்துக் காட்டுறேன்" என்றார் ஓர் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் அவர் சொன்னதில் இருந்த உண்மை எல்லாருக்கும் புரிந்தது. அக்காவை யாரும் சந்தேகிக்கவில்லை. அவருக்குப் பின் வரப்போகிறவர்களை நினைத்துத்தான் தயங்கினார்கள். அப்போது, ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், சம்பந்தன் காலத்தில் தோட்டம் வாங்க மாதம் பத்து வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) கட்டியதை நினைவுபடுத்தினார். 1960 இல் தோட்டங்கள் துண்டுபோடப்பட்டு விற்கப்பட்டபோது, அன்றைய ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் அந்தப் பத்து வெள்ளியைக் கொண்டே தோட்டங்களை வாங்கிய கதை இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். "அன்னிக்குத் தோட்டம் வாங்கக் கட்டினோம், இன்னிக்கு ஒரு பாத்திக்குக் கட்ட மாட்டோமா?" என்றார் பெரியவர். நம்மவர்களின் உணர்ச்சியைத் தொட்டுப் பேசினால் கைகள் உயரும் என்பது அரசியல்வாதிகளுக்கு மட்டும் தெரிந்த வித்தை இல்லை போலும்.

ஆனால் உணர்ச்சியோடு அது முடிந்துவிடாதபடி அந்த எதிர்ப்புக்கார அண்ணன் பார்த்துக்கொண்டார். குடும்பத்திற்கு மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) சேர்ப்பது என்று முடிவானவுடன், அவர் ஒவ்வொன்றாக நிபந்தனை போட்டார். தொடங்கும் முன்பே கூட்டத்தில் சொல்லியிருந்தால்தான் இழப்பீடு. தோற்ற பிறகு வந்து சொன்னால் கிடையாது. முழு நிலத்தில் செய்யக் கூடாது, ஒரு பாத்தியில்தான். செய்கிறவருக்கு நெருக்கமில்லாத இருவர் வாரந்தோறும் போய்ப் பார்த்து, கண்டதை எழுதி வைக்க வேண்டும். பாத்தி கெட்டால், அதைப் பிடுங்கி எறியும் முன் குழுவினர் அனைவரும் வந்து பார்க்க வேண்டும், பார்த்த பிறகுதான் பணம். வெற்றி பெற்றால் நிதிக்கு எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் செய்முறையை மறைக்கக் கூடாது. அந்த முதல் பாத்தியைக் கண்காணிக்கும் இருவரில் ஒருவராக அவரையே போட்டார்கள். (இடையில் ஒரு சொல்: மாதாமாதம் பணம் சேர்த்து முறைவைத்து ஒருவருக்குக் கொடுக்கும் கூட்டை ஒரு தொழிலாக நடத்துவதற்கு 1971 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை விதித்திருக்கிறது. எங்களுடையதில் முறையும் இல்லை, ஏலமும் இல்லை, லாபமும் இல்லை. ஆனாலும் கணக்கு எழுதுகிறவனுக்கு உள்ள இயல்பான அச்சத்தில், பேரேட்டில் கூட்டு என்று எழுதாமல் சோதனைப் பாத்தி நிதி என்றே எழுதினேன்.)

கண்காணித்தவர் கற்றது

முதல் முயற்சி தோற்றது. அக்கா வெறுங்குலையை முழங்கால் உயரத்திற்கு, கொடியின் அடியோடு ஒட்டக் குவித்திருந்தார். அதிகம் போட்டால் அதிகம் நன்மை என்ற எண்ணம். சில வாரங்களில் இலை வெளுக்கத் தொடங்கியது. கண்காணிக்கப் போன அண்ணன் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதினார், எழுதியதோடு நில்லாமல் ஏன் என்று விசாரிக்கவும் தொடங்கினார். நார் மிகுந்த பொருள் மக்கும்போது அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும், ஆகவே பயிருக்கு அது குறையும் என்று வட்டாரச் சங்கத்தில் யாரிடமோ கேட்டு வந்து சொன்னார். கோழி எருவைச் சேர்த்ததும் வெளுப்பு நின்றது. பிறகு செப்டம்பர், அக்டோபர் மழை வந்தது. பினாங்கில் அந்த மாதங்களின் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குலைக்குவியல் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டது, கொடியின் அடி அழுகியது, பாத்தியில் பாதிக்கு மேல் போயிற்று.

அதே வேளையில் பக்கத்து நிலத்து மலாய்க்காரப் பெரியவர் புகார் சொல்ல வந்தார். அவருடைய தென்னங்கன்றுகளில் குருத்தைக் காண்டாமிருக வண்டு துளைத்திருந்தது; உங்கள் குவியல்தான் காரணம் என்றார். கிளறிப் பார்த்தபோது உள்ளே விரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் இருந்தன. சண்டையாகப் போயிருக்க வேண்டிய அந்தப் பேச்சு, கண்காணிப்பாளர் இருவரும் அங்கே இருந்ததாலோ என்னவோ, வேறு திசையில் போயிற்று. பெரியவர் செம்பனை மறுநடவு செய்தவர். வெறுங்குலையை ஒருபோதும் குவிக்கக் கூடாது, ஓர் அடுக்காகத்தான் பரப்ப வேண்டும், அப்போதுதான் அது காய்ந்துகொண்டே மக்கும், வண்டு முட்டையிட்டாலும் புழு வளராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கருத்தரங்கிலும் எங்களுக்குக் கிடைக்காத அறிவு ஒரு புகாராக வேலி தாண்டி வந்தது.

கெட்ட பாத்தியைப் பார்க்க அனைவரும் வந்தார்கள். பணம் கொடுக்கிறோமே, உண்மைதானா என்று பார்க்க வந்தவர்கள்தாம் பெரும்பாலோர். ஆனால் அழுகிய அடித்தண்டைக் கையில் எடுத்து, குவியலின் மேல்பகுதி காய்ந்தும் உள்பகுதி நனைந்தும் இருப்பதைத் தொட்டுப் பார்த்து, புழுக்களை எண்ணி, ஓரத்தில் குலை மெல்லியதாகக் கிடந்த இடத்தில் மட்டும் கொடி நன்றாக நிற்பதை ஒருவர் காட்ட, அந்த மாலையில் அங்கே நடந்தது ஒரு வகுப்பு. அடுத்த பருவத்தில், ஓர் அடுக்கு மட்டும், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, கோழி எருவோடு என்று மூன்று குடும்பங்கள் போட்டன. களையெடுக்கும் கூலி பாதியாகக் குறைந்தது என்பதை நான் எழுதிய கணக்கிலிருந்தே சொல்ல முடியும். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. தோட்ட நிறுவனங்கள் பல்லாண்டுகளாகச் செய்துவருவதைச் சிறு பாத்திக்கு ஏற்ப மாற்றியதுதான். ஆனால் அந்த மூன்று குடும்பங்களில் இரண்டில் மாதச் சம்பளக்காரர் யாரும் இல்லை. எனக்கு முக்கியமாகப்பட்டது அதுதான்.

அதன் பிறகுதான் இந்தோனேசியாவின் வயல்வெளிப் பள்ளிகளைப் பற்றி நான் புதிய ஆர்வத்தோடு படித்தேன். 1980களின் நடுவில் ஜாவாவில் புகையான் பூச்சி நெல்லை அழித்தபோது, மருந்து கூடக்கூடப் பூச்சியும் கூடியது; ஏனெனில் மருந்து சிலந்தி முதலிய இயற்கை எதிரிகளைக் கொன்றது, தண்டுக்குள் இருந்த புகையான் முட்டைகளை ஒன்றும் செய்யவில்லை. 1986 இல் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். 1989 இல் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. 1990களின் இறுதிக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உழவர்கள் அவற்றில் பயின்றார்கள். அங்கே பாடம் எடுப்பது குறைவு. வாரந்தோறும் வயலில் இறங்கி, ஒரு பயிரை உற்றுப் பார்த்து, அதிலுள்ள பூச்சிகளையெல்லாம் தாளில் வரைந்து, இந்த வாரம் என்ன செய்வது என்று குழுவே முடிவெடுக்கும். எந்தப் பூச்சி எதைத் தின்கிறது என்பதைப் போத்தலில் விட்டுப் பார்த்துத் தாங்களே தெரிந்துகொள்வார்கள். எங்கள் கண்காணிப்பாளர்கள் தங்களை அறியாமலேயே செய்தது இதைத்தான். வேறுபாடு ஒன்று உண்டு: அங்கே கற்பதற்காகப் பார்த்தார்கள், இங்கே ஏமாறாமல் இருப்பதற்காகப் பார்த்தார்கள். குழு என்றால் ஒருவரையொருவர் நம்ப வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நம்பிக்கை மட்டும் இருந்திருந்தால் அக்காவிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, எல்லாரும் வீட்டில் இருந்திருப்பார்கள். நம்பாமை வாரந்தோறும் அவர்களைப் பாத்திக்கு அனுப்பியது. நம்பாமைக்கு ஒரு வேலையும் ஒரு குறிப்பேடும் கொடுத்ததுதான் அந்தக் கூட்டத்தின் சாமர்த்தியம் என்பது என் முடிவு.

2004 இல் உலக வங்கி ஆய்வாளர்கள் அதே இந்தோனேசியப் பள்ளிகளை ஆராய்ந்து, பயின்றவர்களிடமிருந்து பயிலாத அண்டை உழவர்களுக்கு அந்த அறிவு பெரிதாகப் பரவவில்லை என்று கண்டார்கள். முதலில் படித்தபோது எனக்கு அது வியப்பாக இருந்தது. பிறகு எங்கள் பகுதியிலேயே அதைக் கண்டேன். வெற்றி பெற்ற பாத்திகளைக் கேள்விப்பட்டு வேறொரு குழுவினர் வேனில் வந்து பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், விவரமாகக் கேட்டுக்கொண்டார்கள். ஓர் அடுக்கு மட்டும் என்று அழுத்தியே சொல்லப்பட்டது. ஊருக்குப் போய் அவர்கள் குவித்துத்தான் போட்டார்கள். அழுகிய பாத்தியை அவர்கள் பார்த்ததில்லை. ஓர் அடுக்கு என்பது அவர்களுக்கு வெறும் அறிவுரை. நல்ல பாத்தியைக் காட்டி மட்டும் கற்பிக்கும் நம்முடைய மாதிரிப் பண்ணைகள் பலவற்றின் குறை இங்கேதான் இருக்கிறதோ என்று நினைக்கிறேன். பிலிப்பீன்சில் 1980களின் பிற்பகுதியில் உழவர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து தொடங்கிய மசிபாக் அமைப்பில், ஒவ்வொரு குழுவும் ஒரு சோதனை வயல் வைத்துப் பல நெல் வகைகளை அருகருகே பயிரிட்டுப் பார்க்கும். அந்த மண்ணுக்கு ஒவ்வாதவையும் அங்கேயே நிற்கும், எல்லார் கண்ணிலும் படும்; ஒருவருடைய சொந்த வயலும் அதனால் கெடாது.

பரிசு யாருக்கு

வெறுங்குலைச் செய்தி பரவியதும், அக்காவுக்குச் சிறந்த விவசாயி என்று பரிசும் பணமும் கொடுக்க ஓர் அமைப்பு முன்வந்தது. நல்லெண்ணம்தான். ஆனால் குழுவில் அது உண்டாக்கிய சங்கடம் கொஞ்சமில்லை. புழுவைக் கண்டுபிடித்தவர் யார், கோழி எருவைச் சொன்னவர் யார், ஓர் அடுக்கு என்று சொன்ன அந்த மலாய்க்காரப் பெரியவர் எந்தக் குழுவிலும் இல்லாதவராயிற்றே என்று பேச்சு கிளம்பியது. அதைவிட எனக்குக் கவலையளித்தது வேறு. பரிசு வெற்றிக்குத்தான் கிடைக்கும் என்றாகிவிட்டால், அடுத்து முயல்கிறவர் தம் கெட்ட பாத்தியை விடிவதற்குள் பிடுங்கி எறிந்துவிடுவார். எறிந்தால் குழுவுக்குக் கற்க எதுவும் மிஞ்சாது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடலாகாது. மகாராஷ்டிராவின் சந்திரப்பூர் மாவட்டத்தில் தாதாஜி கோப்ரகடே என்ற சிறு விவசாயி, 1983 இல் தம் வயலில் மாறுபட்டு நின்ற சில நெற்கதிர்களைப் பிரித்தெடுத்து, பருவம் பருவமாகத் தேர்ந்து ஒரு புதிய வகையை உருவாக்கினார். அன்றைக்குப் பெயர்பெற்றிருந்த கைக்கடிகாரத்தின் பெயரால் எச்.எம்.டி. அரிசி என்று அது பல மாநிலங்களில் பரவியது. வேளாண் பல்கலைக்கழகம் பின்னர் அதைத் தூய்மைப்படுத்தி வெளியிட்டது. கண்டெடுத்தவருக்கு உரிய உரிமையும் வருவாயும் வந்து சேரவில்லை. சில விருதுகள் பெற்றார். 2018 இல் வறுமையிலேயே இறந்தார். பெயரைப் பதியாமல் விடுவதும் ஒருவகைத் திருட்டு. எனவே எங்கள் குறிப்பேட்டில் யார் எதைக் கவனித்தார், எந்த நாளில் என்று பெயரோடு எழுதுகிறோம், மலாய்க்காரப் பெரியவரின் பெயரையும் சேர்த்து. பரிசுப் பணத்தை அக்கா தாமாகவே நிதியில் போட்டார். அவர் போட்டிருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அவரிடம் அதைச் சொல்லியும் பார்த்தேன், கேட்கவில்லை.

மிளகு

இப்போதைய தகராறு மிளகு பற்றியது. வெற்றிலையும் மிளகும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த கொடிகள். வெற்றிலை வளர்க்கத் தெரிந்தவர்களுக்கு மிளகு எளிதில் கைவரும் என்று ஓர் இளைஞர் சோதனைப் பாத்திக்கு விண்ணப்பித்தார். நல்ல யோசனைதான். ஆனால் மிளகு காய்க்க மூன்றாம் ஆண்டாகும், அவர் பயிரிடுவதோ டி.ஓ.எல்., அதாவது அரசின் தற்காலிக உரிமத்தில் உள்ள நிலம். தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் எந்த மாதத்தில் கிடைத்தாலும் டிசம்பர் 31 இல் முடிந்துவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம், புதுப்பித்தே தீர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. மூன்றாண்டுப் பயிரை ஓராண்டு உரிமத்தில் நட்டுவிட்டு இடையில் நிலம் போனால், அது சோதனையின் தோல்வியா, நிலத்தின் தோல்வியா, நிதி அதைத் தாங்க வேண்டுமா என்று நெடுநேரம் வாதிட்டார்கள். கொடி அழுகினால் பங்கெடுக்கலாம், கையெழுத்து வராமல் போவதற்கு நாம் எப்படிப் பங்கெடுப்பது என்றார் பால் வெட்டி ஓய்வுபெற்ற அந்தப் பெரியவர். பெரும்பான்மையோர் வேண்டாம் என்றே வாக்களித்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பழைய தயக்கமாகத் தோன்றலாம். அவர்கள் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், எனக்கும் அதே விடைதான் வந்தது.

ஆனால் இளைஞர் விடவில்லை. அப்படியானால் நீண்டகாலக் குத்தகை கேட்டு நில அலுவலகத்திற்கு மனுப் போடுவோம், அதற்கான கட்டணத்தையும் வரைபடச் செலவையும் நிதியிலிருந்து கொடுங்கள் என்றார். மனு எப்படிச் சோதனைப் பாத்தியாகும் என்று நான்தான் கேட்டேன். பேரேட்டில் அதற்குத் தலைப்பு வேண்டுமே. எனக்குப் பதில் சொன்னவர் அந்த எதிர்ப்புக்கார அண்ணன். "முன்கூட்டியே சொல்லிட்டாரு, தோக்கவும் வாய்ப்பு இருக்கு. வேற என்ன வேணும்? எழுதுங்க சார்" என்றார். எழுதினேன். நில அலுவலகத்திற்கு மாதம் ஒருமுறை போய், மனு எந்த மேசையில் இருக்கிறது என்று பார்த்துக் குறித்து வர இருவரை நியமித்திருக்கிறார்கள். அவரும் அதில் ஒருவர்.